முதியோர் இல்லத்துக்கு நான் போட்ட மார்க்

இந்த வாரம் உங்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள் என்று ஒரு பட்டியல் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ரொம்ப உபயோகமாக இருந்தது என்று நிறையப் பேர் பாராட்டினீர்கள். ஒரு வாசகி அதை ஜெராக்ஸ் எடுத்து அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உண்மை என்ன தெரியுமா? அதை எழுதும் வரை நான் எந்த முதியோர் இல்லத்துக்குள்ளும் காலடி வைத்ததில்லை.

போன சனிக்கிழமைதான் முதல் முறை. திருவொற்றியூரில், விம்கோ நகர் தாண்டி ஒரு இல்லம். கையில் என் பட்டியல். பக்கத்தில்... என் அப்பா.

அப்பா ஹார்பரில் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, உயரத்தில் இருக்கும் கிரேன் டிரைவருக்கு தூக்கு, நிறுத்து, இறக்கு என்று கையாலேயே சொல்வார். அங்கே இருக்கும் சத்தத்தில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? அதே சத்தம் அவர் காதையும் வாங்கிக்கொண்டது. காது மெஷின் ‘கொய்ங்’ என்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார்.

போன மாதம் எங்கள் ராயபுரம் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள்... பகலெல்லாம் தனியாக எப்படி விடுவது? அதனால்தான் இல்லம் பார்க்கக் கிளம்பினேன். அப்பாவிடம், “சும்மா ஒரு ஃப்ரெண்டைப் பார்க்கப் போறோம்” என்று கத்திச் சொன்னேன். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

ஹாலில் ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு, மேனேஜர் அம்மாவைக் குடைய ஆரம்பித்தேன். பாத்ரூமில் கைப்பிடி? இருந்தது. ராத்திரி டியூட்டிக்கு நர்ஸ்? இரண்டு பேர். சமையலறையில் சாம்பாரை மோந்துகூடப் பார்த்தேன். என்ன அலட்டல்!

திரும்பி ஹாலுக்கு வந்ததும் அந்த அம்மா, “அப்பாவைப் பத்திச் சொல்லுங்க சார்” என்றார்.

சொன்னேன். அப்பாவுக்கு எதிரிலேயே நின்று, சத்தமாகவே சொன்னேன். “ஹார்பர்ல சிக்னல்மேனா இருந்தார். பிடிவாதம் ஜாஸ்தி மேடம். யார்கிட்டயும் பேச மாட்டார். எங்களால முடியலை... எப்ப கொண்டாந்து விடலாம்?”

காது கேட்காதவர்தானே என்ற தைரியம்.

அப்போதுதான் ஹாலின் அந்தக் கோடியில், சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி ஒரு சுழற்று. அப்பா நிமிர்ந்தார். அவரும் கையை உயர்த்தினார். அப்புறம் பார்க்க வேண்டுமே... இங்கிருந்து ஒரு கை, அங்கிருந்து ஒரு கை! யாரிடமும் பேச மாட்டார் என்று நான் சொன்ன மனிதர் சிரிக்கிறார், தலையாட்டுகிறார், தொடையைத் தட்டுகிறார்.

கடைசியில் அப்பா தன் நெஞ்சைத் தொட்டார். என்னைக் காட்டினார். பாரம் தாங்காததுபோல் இரண்டு கைகளையும் நடுங்கவிட்டார். பிறகு, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல மெல்லத் தாழ்த்தினார்.

பெரியவரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பெயர் எல்லப்பன். அதே ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“லோடு வெயிட்டு ஜாஸ்தி. பையனால தூக்க முடியல. மெதுவா இங்கியே எறக்கிடுன்றாரு, நைனா.”

அப்பாவிடம் வந்து குனிந்து, “நான் பேசினது உனக்குக் கேட்டுதா?” என்றேன்.

“கேக்கறதுக்கு இன்னா கீது? அம்மாந் தூரத்துல கீறவன் வாயப் பாத்தே வேல செஞ்சவன் நானு. உன் மூஞ்சி எதுர்லதான கீது?” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அப்படியென்றால்... இத்தனை வருஷமாக சாப்பாட்டு மேஜையில், போனில், அவர் முன்னாலேயே அவரைப் பற்றி நான் பேசியதெல்லாம்? இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். வந்ததும் அதே பட்டியலை என் வீட்டுக்கு வைத்துப் பார்த்தேன். பாத்ரூமில் கைப்பிடி? இல்லை. அவர் விழுந்த பிறகும் வைக்கவில்லை. வழுக்காத தரை? இல்லை. பேச்சுத் துணை? அந்தக் கேள்வியே என் பட்டியலில் இல்லை! ஐம்பத்து மூன்று வயதாகிறது எனக்கு. அப்பாவின் கை அசைவில் ‘தூக்கு’ எது, ‘நிறுத்து’ எது என்று இன்றுவரை தெரியாது. அந்த இல்லத்துக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டிருந்தேன். என் வீட்டுக்கு எவ்வளவு என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்போது பாத்ரூமில் கைப்பிடி ஏறிவிட்டது. பகலில் கூட இருக்க ஒரு ஆள் வைத்திருக்கிறோம். நேற்று அப்பாவை எல்லப்பனிடம் அழைத்துப் போனேன், பேசுவதற்கு. ஒரு மணி நேரம் கைகள் ஓயவில்லை. கிளம்பும்போது எல்லப்பன் காதருகே போய், மன்னிப்புக் கேட்க என்ன சிக்னல் காட்ட வேண்டும் என்று விசாரித்தேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“அதுக்குன்னு ஒண்ணும் கெடையாது நைனா. தப்பான எடத்துல எறக்கிட்டா... திரும்பத் தூக்கணும். அவ்ளோதான்.”