மலைமேல் ஒரு தாழ்ப்பாள்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் தாத்தா, அப்பா, அம்மா, அண்ணன், நான் எல்லாரும் இருந்தோம். போதாததற்கு அம்மாவின் தம்பியான மாமாவும் இருந்தார். யார் தலை எங்கே, யார் கால் எங்கே என்பதற்கு ஒரு சட்டமே உண்டு. பீரோ ஓரம் தாத்தா, அவர் பக்கத்தில் அப்பா, நடுவில் நானும் அண்ணனும், சமையல் மேடையை ஒட்டி அம்மா, கதவோரம் மாமா. கதவை லேசாகத் திறந்து வைத்துத்தான் தூங்குவோம், இல்லாவிட்டால் ஆறு பேருக்குக் காற்று போதாது. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். தூக்கத்தில் பயந்து எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் ஓர் ஆள் தட்டுப்படும்.

மாமா ஹார்பரிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவர். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோதும் அவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். அந்த ஒரு வாரம் எப்போது முடியும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

எனக்கு ஏழு வயது நடந்தபோது ஒருநாள் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கொடைக்கானலுக்கும் மேலே, காட்டை ஒட்டி, மரத்தாலேயே கட்டிய ஒரு குட்டி வீடு. எதிரே புல்வெளி. இரண்டு ராத்திரிக்கு வாடகை பேசி முடித்தாயிற்றாம். புல்வெளியில் டென்ட்டும் போட்டுத் தருவார்களாம்.

"நீயும் மச்சானும் காட்டேஜ்ல தங்குங்க. பசங்கள நான் டென்ட்டுல பாத்துக்கறேன்" என்றார் அம்மாவிடம்.

"இன்னாத்துக்குடா இந்த வேல உனக்கு?" என்றாள் அம்மா. அப்பா திடீரென்று ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார். தாத்தா மட்டும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போய்ட்டு வாங்கம்மா. வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

எங்கள் பிளாக்கில் யாரிடமெல்லாம் ஸ்வெட்டர் இருந்ததோ எல்லாம் எங்கள் பைக்கு வந்து சேர்ந்தது. எனக்குக் கிடைத்தது மூன்றாவது மாடிக்காரருடையது, முழங்கால் வரை தொங்கியது. எக்மோரில் ரயிலேறி, கொடை ரோட்டில் இறங்கி, பஸ், அப்புறம் ஜீப் என்று போய்ச் சேர்ந்தபோது பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அண்ணனும் நானும் சிகரெட் பிடிப்பது போல ஊதி விளையாடினோம்.

அம்மா உள்ளே போனதும் கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். நாங்கள் வெளியே குளிரில் நின்றுகொண்டிருந்தோம். துருப்பிடித்திருக்கிறதோ என்று பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ராத்திரி மாமாவின் திட்டத்தை நான் கெடுத்தேன். டென்ட்டுக்குள் படுத்த கொஞ்ச நேரத்திலேயே அம்மா வேண்டும் என்று ஆரம்பித்து, ஊரே கேட்கும்படி கத்தினேன். மாமா கதை சொன்னார், பிஸ்கட் கொடுத்தார், கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். அடுத்தவன் வண்டியை இடித்துவிட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"வுடுடா, கொயந்ததானே" என்றார் அப்பா. நான் வெற்றி வீராங்கனையாக இருவருக்கும் நடுவில் ஏறிப் படுத்தேன். அப்பாவின் கை என்னைத் தாண்டிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாரமாக இருக்கிறது என்று அதைத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் பகலில் தூரத்துச் சரிவில் காட்டெருமைகள் மேய்வதைப் பார்த்தோம். இருட்டினால் அவை வீடு வரைக்கும் இறங்கி வரும், கிட்டே போகக்கூடாது என்று காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறவர் எச்சரித்துவிட்டுப் போனார். மாமாவுக்குப் பொறி தட்டியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா, ஒரு முக்கியமான மேட்டரு. அந்த எருமைங்க காட்டேஜாண்ட வராம யாராச்சும் டென்ட்டுல குந்திகினு காவல் காக்கணும். உங்க அண்ணன் தூங்குமூஞ்சி. நான் கொறட்ட வுட்ருவேன். நீதான் கீற. இன்னா சொல்ற?"

நான் என்ன சொல்வேன்? டார்ச் லைட் என் கைக்கு வந்தது. அண்ணன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பொழுது சாய்ந்ததும் புல்வெளியில் விறகைக் கூட்டித் தீ மூட்டினார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே போர்வைக்குள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஏதோ சொல்ல, ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மாதான். வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

மாமாவும் பார்த்தார். "இஸ்கூல் படிக்கசொல்ல எங்கக்கா இப்டிதான் சிரிக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல். அப்புறம் ரொம்ப நேரம் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

கதவு சாத்தி, தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் டென்ட் வாசலில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தபோது நன்றாக விடிந்திருந்தது, என் மேல் மாமாவின் கம்பளியும் சேர்ந்து கிடந்தது.

பதறிப்போய் காட்டேஜ் பக்கம் ஓடினேன். படிக்கட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் புத்தம்புதுச் சாணி, ஒரு கூடை அளவுக்கு. எருமை வந்து போயிருக்கிறது! சுற்றிலும் பார்த்துவிட்டு, காய்ந்த இலைகளை அள்ளி அதன் மேல் போட்டு மூடினேன். அம்மா தலையை முடியாமல் வெளியே வந்து என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

"மாடு வந்துச்சாடி?"

"ஒண்ணுகூட வரல."

"பாப்பா கண்ண மூடலக்கா" என்று மாமா சாட்சி சொன்னார். அப்பா எனக்குக் கை கொடுத்தார். ஊர் வந்து சேரும் வரைக்கும் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்த அதே வாரம் மாமா தன் துணிகளை ஒரு பையில் அடைத்தார். கொருக்குப்பேட்டையில் கூட்டாளி டிரைவர்களோடு ரூமில் சேர்ந்துகொள்ளப் போகிறாராம்.

"யார்டா உன்ன இன்னா சொன்னாங்க?" என்று அம்மா பையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. வண்டி நிறுத்த அங்க தோதா கீது, அதான்."

அப்பா மாமாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கூடவே மாடிப்படி இறங்கினார். மாமா இல்லாமல் அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை, அவர் ஏன் போகிறார் என்று அந்த வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் அந்தச் சாணியைப் பார்த்துவிட்டார்.

நான் படிகளில் ஓடி, தெருவில் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "மாமா, போகாத மாமா. இனிமே நான் தூங்கவே மாட்டேன்" என்று, குனிந்த அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.