மவுஸைத் தொடாத அக்கா

தல்லாகுளத்தில் சிறுபான்மையினருக்கான அரசுக் கடனில் இன்டர்நெட் கடை வைத்திருந்த அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. புர்காவின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். நமக்குப் பின்னால் நின்று சொல்லித் தருவாரே தவிர, மவுஸை ஒருநாளும் தொடமாட்டார். "நான் அமுக்கினா நீ எப்பப் படிப்ப?" என்பார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அங்கே உட்கார்ந்திருந்தேன். கடன் கொடுத்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். அக்கா எதையும் தொடாமல் நிற்பதைச் சற்று நேரம் பார்த்தவர், சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்காவின் தம்பியிடம் திரும்பினார்.

"இந்தம்மா சும்மா பேருக்கு. கடை உங்களதுதான பாய்?"

"சோறு குடுக்க வந்தேன் சார். எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

அதிகாரி நம்பவில்லை. "எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. மெஷினை எடுத்துட்டுப் போகச் சொல்லி எழுதிருவேன்."

"லோனுக்கு என்னையத்தான அம்புட்டு நாள் அலைய விட்டீங்க? அப்ப எந்த ஆம்பளையையும் தேடலையே!" என்றார் அக்கா. "எழுதுங்க சார். ஆனா இந்தப் புள்ள அனுப்பி முடிக்கிற வரைக்கும் ஒரு மெஷினும் அணையாது. வெளிய நில்லுங்க."

அதிகாரி வாசலில் போய் நின்றார். நான் வேகமாகத் தட்டப்போனேன்.

"அவரு நிப்பாரு. நீ நிதானமா அடி."

அதிகாரி வெயிலில் நிற்க, எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்காகக் கடையையே பணயம் வைக்க அவருக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். அதிகாரி என்ன எழுதினாரோ! நான் சென்னைக்குப் பஸ் ஏறிய அன்றும் கடை திறந்துதான் இருந்தது.