வெள்ளி ஜாடியில் ஒரு பெண்

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அறையில்தான் அவளுக்கு வேலை. பொருள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்ற வேண்டும். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கிண்ணத்தின் விரிசல்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். படம் பிடித்தவள் மட்டும் எதிலும் தெரியக் கூடாது. பளபளக்கும் பொருள் என்றால் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, கேமராவின் கண்ணுக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டு, ஒதுங்கி நிற்பாள்.

ஒதுங்கி நிற்பது அவளுக்குப் புதிதல்ல. தன் கல்யாணப் படத்திலேயே மாமியாரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம்தான்.

கணவர் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். கோணல் திருகாணி ஒன்றுகூட அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்தும் கழற்றி வைக்க மாட்டார். சட்டை மடிப்பில் குறை, கதவுத் தாழ்ப்பாளில் குறை, அவள் பேச்சில் குறை. ஒரே ஒரு தடவை அவர் வாயால் ‘பரவாயில்லையே’ என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவள் நெஞ்சில் வெகுகாலமாகக் கிடந்த ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரில் அருங்காட்சியகத்தின் தளத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு வெள்ளி ஜாடியின் வயிற்றில் அவள் பார்வை நின்றது. பெரிதாக்கினாள். துணி விலகிய இடுக்கில், வளைந்து நெளிந்து, நகமளவுக்கு ஒரு பெண். கழுத்தில், பொருள்களை அளக்கும் நாடா. அவளேதான். தொழிலில் அது பெரிய தப்பு. ஆனாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஏங்க, இங்க வாங்களேன். இந்த ஜாடில யாருன்னு சொல்லுங்க பாப்போம்.”

அவர் குனிந்தார். “ஏதோ கறை.”

“கறையா? நல்லா பாருங்க, நான்தான்!”

“அங்க போயும் குறுக்க நின்னியா?”

“நின்னா என்ன? உலகமே பாக்குதுல்ல என்னை.”

 அவர் வெகுநேரம் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தான் எடுத்த படங்களைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, அவள் சத்தமில்லாமல் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டாள். வயதில் சின்னவள்.

“அக்கா, தளத்துல ஒருத்தர் புகார் போட்டிருக்காரு. ஜாடில ஆள் தெரியுதாம். என்ன கண்ணோ! உப்புமூட்டைலயும் கல்லு பொறுக்குவாரு போல. அழிச்சிருங்க, தப்பா நினைக்காதீங்க.”

புகாரின் கீழே அவள் கணவரின் பெயர் இருந்தது. ஒளிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அவள் வந்து உட்கார்ந்து ஜாடியின் படத்தைத் திரையில் திறந்தாள். பக்கத்திலிருந்த வெள்ளி நிறத்தை எடுத்து முகத்தின்மேல் பூசினாள். பிறகு நாடா, பிறகு தோள். சுத்தமான கைவேலை. ஒருத்தி அங்கே நின்றதற்குத் தடயமே இல்லை.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் ஜாடியின் படத்தைத் திறந்துவைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னதும் சரி பண்ணிட்டாங்களே,” என்றார், திரும்பாமலே. “இப்ப பரவாயில்லையே.”