பதினேழாம் தாளில் இல்லாத படிகள்

எங்கள் அப்பா அந்தப் பெரிய நகரத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் அதன் தெருக்கள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. சர்வே ஆபீஸில் வரைபடங்களை நகலெடுக்கிற வேலை. மூலப்படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, மைப் பேனாவால் கோடு கோடாக இழுக்க வேண்டும். கோடு பிசகினால், பாதி பிளேடை வைத்துத் தாள் கிழியாமல் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆபீஸில் அவருக்குப் பெயரே 'பிளேடு'. நாங்கள் காலேஜில் எந்த மாதிரி ஆளுக்கு அந்தப் பெயரை வைப்போமோ அந்த மாதிரி அறுவையாகவும்தான் அவர் பேசுவார். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

நகரத்தில் இருந்தது பெரியம்மா. அம்மாவின் அக்கா. தாயில்லாமல் போன அம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வருஷத்துக்கு ஒரு தடவை அவளேதான் எங்களைப் பார்க்க வருவாள். வந்த அன்றைக்கே அடுக்களை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குவாள். அப்புறம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு வருஷமாகப் படுத்த படுக்கை. ஒருநாள் அவள் சொல்லச் சொல்ல அவள் மகன் எழுதிய கடிதம் வந்தது. "இனிமே நான் வர்றது இல்ல. நீ ஒரு தடவை வந்துட்டுப் போடி" என்று இரண்டே வரி. அம்மா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அம்மாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை, முழங்கால் இல்லை. இரண்டும் தேய்ந்து போயிருந்தன. எங்கள் வாசலில் இருந்த மூன்று படியை இறங்கவே ஒரு கை சுவரில், ஒரு கை என் தோளில். மாடியில் மண்டபம் என்று தெரிந்தால் எவ்வளவு நெருங்கிய சொந்தத்தின் கல்யாணமானாலும் போகமாட்டாள். கால் வலியைவிட, நான்கு பேர் பார்க்க நடுப்படியில் நின்றுவிடுவோமோ என்கிற பயம்தான் பெரிது.

அதனால்தான் மூன்றாம் நாள் அவள் அப்பாவிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"அக்கா வீட்டுக்குப் போற வழியில படி இருக்கா?"

அப்பா ஆபீஸிலிருந்து அச்சுப் பிசகிய நகரப் படத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்தார். மொத்தம் இருபத்திரண்டு தாள். பதினேழாம் தாளில் பெரியம்மாவின் தெரு இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஒரு படியும் கிடையாது. சமதளம். நான் வரைஞ்ச தாளு, எனக்குத் தெரியாதா?"

"அப்போ கிளம்பலாம்" என்றாள் அம்மா. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதன் பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்து இருக்கிறதே! அப்பாவுக்கும், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த எனக்கும் திங்கட்கிழமை லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நகரம். அன்றைக்கு மாலை ஆறு மணிக்கே திரும்புகிற ரயில். நடுவில் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்துக்கு அப்பா போட்ட திட்டத்தில் ஒரு பாலத்தைக் கட்டி முடித்திருக்கலாம்.

நூலை நனைத்துப் பதினேழாம் தாளின் மேல் தெருவோடு தெருவாக ஒட்டவைத்தார். பிறகு அதை நீட்டி அளவுகோலில் வைத்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரை முந்நூற்று நாற்பது மீட்டர். சரி, அம்மா அதை எத்தனை நிமிஷத்தில் நடப்பாள்? கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே அம்மாவை நடக்கவைத்துக் கையில் கடிகாரத்தோடு நின்றார்.

"இன்னொரு வாட்டி நட."

"சந்தையில மாட்டை நடக்கவிட்டுப் பாக்குற மாதிரி இருக்கு. பல்லையும் வேணா பிடிச்சுப் பாருங்க!"

"பேசிக்கிட்டே நடந்தா கணக்கு தப்பும்."

பதினொரு நிமிஷம் என்று முடிவாயிற்று. மழை பெய்தால் பதினான்கு. இதெல்லாம் ஒரு தாளில் ஏறியது. 'பெரியம்மாவுடன் பேச: ஐந்து மணி நேரம்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார். மிச்ச நேரத்தில் கடற்கரை, அருங்காட்சியகம் இரண்டில் ஒன்று. எது என்பதில் எனக்கும் அவருக்கும் தினம் சண்டை.

அம்மா பெரியம்மாவுக்கு ஒரு நைட்டி தைத்தாள். படுத்த வாக்கிலேயே போட்டுவிடும்படி முதுகுப் பக்கம் திறந்து நாடா வைத்தது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். தையல் மெஷின் ஓட, அப்பா தெருப் பெயர்களை ஒப்பிக்க, நான் குறுக்கே கேலி பேச, அந்த மூன்று வாரம் போல எங்கள் வீட்டில் மறுபடி வாய்க்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு ஏங்குகிறது. நகரத்தை நான் அப்புறம் நூறு தடவை பார்த்துவிட்டேன்.

நடுவில் பெரியம்மா மகன் அப்பாவின் ஆபீஸுக்குப் போன் பண்ணி, ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று கேட்டான்.

"நான் வரைஞ்ச ஊருக்கு எனக்கு எதுக்குடா ஆளு?" என்று அப்பா போனை வைத்துவிட்டார். சொல்லவந்ததை அவனைச் சொல்லவிட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை ரயில் சரியாக வந்தது. பஸ் சரியாக வந்தது. அப்பா சொன்ன இடத்தில் அப்பா சொன்ன மருந்துக்கடை இருந்தது. அவர் நடையே மாறிவிட்டது. "இப்போ இடது பக்கம் தபால் ஆபீஸ் வரும் பாரு" என்பார், வரும். கடைசித் திருப்பத்தில் திரும்பினோம்.

தெரு அங்கே தெருவாக இல்லை. செங்குத்தாக மேலே ஏறும் கல் படிகளாக இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் ஒரு இரும்புக் கம்பி. நான் பிறகு எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. பெரியம்மா வீடு உச்சியில்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா படிகளைப் பார்த்தார்.

"படத்துல இருந்துச்சு" என்றார் மெதுவாக. "மூலப்படத்துல படிக்கு அடையாளமா குறுக்கால சின்னச் சின்னக் கோடு. ரொம்ப நெருக்கம். போட்டா மை ஊறி ஒரே கறையாயிடும்னு விட்டுட்டேன். தாள் சுத்தமா இருக்குன்னு ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் தட்டிக் குடுத்தாரு. விட்டதே மறந்துபோச்சு."

"உங்க சுத்தத்துல இடி விழ!" என்று அம்மா கத்தினாள். மேலே ஒரு ஜன்னல் திறந்தது. "முப்பது வருஷமா என் உசுரை எடுத்த சுத்தம்! எங்க அக்கா மேல கெடக்கா, நான் கீழ நிக்கிறேன். இதைப் பாக்கவா என்னைக் கூட்டியாந்தீங்க?"

திட்டம் எழுதிய தாள் அப்பா கையிலேயே இருந்தது.

சத்தம் கேட்டுப் பெரியம்மா மகன் ஓடி வந்தான். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவிடலாம் என்றான். "நான் என்ன பீரோவா?" என்று அம்மா அவனையும் ஒரு பிடி பிடித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, முதல் படியில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி ஒரு படி மேலே நகர்ந்தாள். பிறகு இன்னொன்று. நான்கு பேர் என்ன, தெருவே பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அப்பா அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கூடவே ஏறினார். எண்பதாவது படியில் அவள் உள்ளங்கை தோல் உரிந்தது. அப்பா தன் கைக்குட்டையை இரண்டாகக் கிழித்துச் சுற்றிவிட்டார். கட்டவிட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த படிக்கு நகர்ந்தாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. பெரியம்மா பாதியாகிப் போயிருந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ அழுக்குடி, போய்க் கை கழுவு" என்றாள். அம்மா கழுவவில்லை. அப்படியே கட்டிலில் அவள் பக்கத்தில் ஒண்டிப் படுத்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று எழுந்தால் அம்மாவின் முழங்கால் இரண்டும் பூசணியாக வீங்கியிருந்தன. இறங்குவது நடக்காத காரியம். "நீ இரு. நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அப்பா. அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா இருபத்து மூன்று நாள் அங்கே இருந்தாள். இங்கே அப்பா இரண்டு பாத்திரத்தைக் கருக்கினார். "கோடு கோடா இருந்துச்சு, நான்தான் விட்டேன்" என்று தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. இருபதாம் நாள் விடியற்காலையில் பெரியம்மா போய்விட்டாள். போகும்போது அவள் தலை அம்மாவின் மடியில் இருந்ததாம்.

அம்மாவைக் கூட்டிவர மறுபடி போனோம். அவள் உச்சிப் படியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையோடு நின்றிருந்தாள். அப்பா மூச்சு வாங்க ஏறிப் போய், என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே சொன்னார்.

"என் தப்பு. அந்தப் படியை நான் வரைஞ்சிருக்கணும்."

"வரைஞ்சிருந்தா நான் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "எங்க அக்கா என்னைப் பாக்காமலே போயிருப்பா."

பையை அவரிடம் கொடுத்துவிட்டு, தோளைக் காட்டச் சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள்.