ஓம் கேட்கப் போன ஊர்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பையில் இரண்டு வேட்டி, ஒரு பட்டுப் புடவை, கூடவே மனைவி படித்துப் படித்துச் சொன்ன கட்டளை: “முடிவு தெரியாம அங்க கை நனைச்சிடாதீங்க.” எங்கள் பக்கத்தில் பெண் கேட்கப் போனால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். முட்டிவலியும் கடல் பயமும் சேர்ந்து அவளை வீட்டில் நிறுத்திவிட்டன. எங்கள் மகன் கதிருக்காக நான் ஒருவன்தான் போனேன்.

பெண் டிலானி, யாழ்ப்பாணம் குருநகர். சென்னைக்குப் படிக்க வந்தவள், இப்போது அங்கேயே வேலை. அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; அப்பாவுக்குக் கடல்தொழில். நாங்கள் சிவனைக் கும்பிடுகிறவர்கள். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று டிலானி சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக அவளும் கதிரும் காத்திருக்கிறார்கள். போனில் அந்த மனிதர் “வாங்கோ, கதைப்பம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை விடவில்லை.

நண்பகலில் காங்கேசன்துறை. முத்திரை குத்தி வெளியே வர ஒரு மணியாகிவிட்டது. பஸ் நடத்துநரிடம் யாழ்ப்பாணம் போகுமா என்றேன். “ஓம்” என்றார். முப்பது வருடம் ஐ.டி.ஐ.யில் வயரிங் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓம் என்றால் எனக்கு மின்தடையின் அலகு, அதை அளக்கும் மீட்டர். இங்கே அது சம்மதம். ‘ஆகும்’ தேய்ந்து ‘ஆம்’ ஆகி, அதுவே ‘ஓம்’ ஆனதென்பார்கள். பதினெட்டுக் கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய், இலங்கைக் காசு. மருதனார்மடத்தில் சந்தைப் பைகளோடு ஏறிய ஓர் அம்மாள், சன்னல் வழியே ஆஞ்சநேயரைப் பார்த்துக் கண்மூடி ஓம் என்று முணுமுணுத்தார். அடுத்த மூச்சில் கைபேசியில் யாருக்கோ “ஓம், ஓம், வாறன்” என்றார். முதல் ஓம் வடமொழி மந்திரம், மற்றது வீட்டுத் தமிழ். இரண்டுக்கும் சொந்தபந்தம் கிடையாது என்று எங்கோ படித்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குருநகருக்கு ஓட்டோ முந்நூறு ரூபாய். இரண்டரை மணிக்கு டிலானியின் அப்பா மரியநாயகம் வாசலிலேயே நின்றார். என் வயதுதான். வெயிலில் காய்ந்த முகம், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். உள்ளே அவர் மனைவியும், விடுமுறையில் நெதர்லாந்திலிருந்து வந்திருந்த டிலானியின் தாய்மாமனும் இருந்தார்கள். நான் ஓம் பற்றி உளறியதும் தாய்மாமன் உற்சாகமாகிவிட்டார். அவர் இருக்கும் ஊரில் ஓம் என்றால் மாமாவாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். பழைய ஜெர்மன் மொழியிலும் ஓம் என்றால் தாய்மாமன்தானாம். என் மின்தடை அலகுக்குப் பெயர் கொடுத்ததும் ஒரு ஜெர்மன் வாத்தியாரின் குடும்பப் பெயர்தான். முப்பது வருடமாகப் பையன்களை ஒரு மாமாவை அளக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். மரியநாயகம்கூடச் சிரித்தார். காரியம் பாதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு முற்றத்தில் பானையை இறக்கினார்கள். ஒடியல் கூழ். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, மிளகாய் எல்லாம் சேர்த்துக் காய்ச்சியது. விடியற்காலை வள்ளத்தில் வந்ததில் நல்லதை விற்காமல் எனக்கென்று எடுத்துவைத்திருந்தார் மரியநாயகம். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றி அவரே நீட்டினார்.

நான் கைகூப்பி, “இப்போ வேண்டாங்க, முதல்ல பேசிடுவோம்” என்றேன்.

நீட்டிய கையை அவர் உடனே மடக்கவில்லை. அவர் மனைவி எழுந்து உள்ளே போனார்.

“எங்கடை வீட்டிலை சாப்பிடாத ஆக்களை நான் கனபேரைப் பாத்திருக்கிறன், அண்ணை” என்றார் மரியநாயகம். குரலில் கோபமே இல்லை. “உங்களையும் அப்பிடி நினைக்கேல்லை.”

கடல்தொழில் செய்கிற வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனவர்கள் வரிசையில் என்னை நானே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர் வழக்கத்தையும் மனைவியின் கட்டளையையும் தடுமாறித் தடுமாறி எடுத்துச் சொன்னேன். சாப்பிட்டால் சம்மதத்தைப் பிடுங்கிக்கொண்டது போல் ஆகிவிடுமே என்ற பயம்தான் என்றேன்.

அவர் பிளாவை மறுபடி என் பக்கம் நீட்டினார். “இஞ்சை அப்பிடியில்லை. ஒரு பானையிலை குடிச்சாப் பிறகுதான் எங்களுக்குக் கதையே வரும்.”

பிளாவை நானே வாங்கிக்கொண்டேன். உறைப்பில் கண்ணில் நீர் வந்தது. உறைப்பினால் மட்டும் என்று சொன்னால் அது பொய். உள்ளே போன அம்மா திரும்பி வந்து, கேட்காமலே இரண்டாவது தடவை ஊற்றினார். நண்டுக்காலைக் கடிக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்துத் தாய்மாமன் உடைத்துக் கொடுத்தார்.

மூன்றாவது பிளாவில்தான் மரியநாயகம் வாயைத் திறந்தார்.

“எனக்கு ஒண்டுதான் கேக்க இருக்கு. பிள்ளை ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்குப் போறதை உங்கடை வீட்டிலை மறிக்கக் கூடாது. அதுக்கு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

அவர் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காகக் கடல் தாண்டி வந்திருந்தேன். அந்த மனிதர் இரண்டு வருடமாக என்னுடைய சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

“ஓம்” என்றேன். என் வாயில் அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அவர் திருத்தவில்லை. என் தோளில் கைவைத்தார், கை சற்று நேரம் அங்கேயே இருந்தது. “அப்ப எங்களுக்கும் சம்மதம்” என்றார்.

ஞாயிறு காலை அவர்களோடு தேவாலயத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தே ஒப்பேற்றினேன். பகல் ஒன்றரைக்குக் கப்பல். துறைமுகம் வரை மரியநாயகமும் அவர் மனைவியும் வந்தார்கள், இரண்டு கிலோ ஒடியல் மாப் பொட்டலத்தோடு. மரியநாயகத்தின் கைபேசியிலேயே ஊரிலிருந்த என் மனைவியை அழைத்தேன்.

சம்மதம் என்றதும் அழுதாள். அழுது முடித்து, “கை நனைச்சீங்களா?” என்றாள்.

“பேச்சுக்கு முன்னாடியே. மூணு தடவை.”

எங்கள் வீட்டில் முப்பத்திரண்டு வருடமாக அவள் வார்த்தையை நான் மீறியதில்லை. பெட்டிகளை ஏற்றச் சொல்லி யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோபப்படுவாளோ என்று முந்திக்கொண்டு ஒடியல் மாப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன்.

“சம்பந்தியம்மாகிட்ட போனைக் குடுங்க” என்றாள். “அந்த மாவை எப்படிக் காய்ச்சணும்னு கேக்கணும். நாளைக்கு அவங்க வந்தா நான் எதை ஊத்தறது?”