முன்வரிசையில் இருந்த அம்மா

குழுவிலுள்ள நாடகப் பைத்தியங்களுக்கு ஒரு செய்தி.

இன்று பின்னேரம் நானும் மனைவியும் மார்சியாவின் நாடகத்துக்குப் போனோம். என்னோடு பக்டரியில் பெட்டி அடுக்குகிறவள். ஸ்காபரோவில் கறுப்புப் பிள்ளையாக வளர்ந்த கதையைத் தானே எழுதித் தானே நடிக்கிறாள்.

சபையில் அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர். நடிப்பவளுக்கு உடனுக்குடன் பதில் சொல்கிறார்கள். நாங்கள் தமிழரும் நாடகம் நடக்கும்போது கதைக்கிற ஆட்கள்தான், ஆனால் நாடகத்தைப் பற்றி அல்ல.

மேடையில் மார்சியா தன் அம்மாவாக மாறினாள். அடுப்பில் சூடாக்கிய இரும்புச் சீப்பால் மகளின் சுருள்முடியை இழுத்து நேராக்கினாள். முகத்தில் அப்படி ஒரு கடுமை.

"அசையாதை! பள்ளிக்கூடத்திலை சிரிப்பினம்."

முன்வரிசையில் எனக்கு நேர் முன்னால் இருந்த மனுசி உரத்துச் சொன்னார்: "பொய்! நான் அழுதழுதுதான் இழுத்தனான்."

"உஷ்," என்றேன் நான்.

மார்சியா நடிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கதைக்க விடுங்கோ. அது என்ரை அம்மா."

பிறகு அவரிடம் கேட்டாள்: "அழுதனீங்களோ? எனக்குத் தெரியாதே."

"எப்பிடித் தெரியும்? நீ முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ இருந்தனீ."

மார்சியா அந்தக் காட்சியை முதலிலிருந்து நடித்தாள், இம்முறை அழுதபடி.

பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "இனியும் ஆரையும் உஷ் எண்டு சொல்லுவியளோ?"

என் அம்மாவைப் பற்றி நான் நாடகம் போட்டால் அவர் முன்வரிசையில் இருக்கமாட்டார், மேடைக்கே ஏறிவிடுவார்.

உங்கள் அம்மா எப்படி?