அசரியா பெயரில் உள்ளே வந்தவர்கள்

அப்பா எல்லாப் பொருளிலும் தன் பெயரை எழுதிவைப்பார். குடை, டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு, குளியலறை வாளி. கறுப்புப் பெயிண்டில் 'ஐ. அசரியா'. யாருக்கும் எதையும் இரவல் தர மாட்டார். பக்கத்து வீட்டு பிளஸ்ஸி அக்கா ஏணி கேட்டால், ஏணியோடு தானும் போய் நின்று, வேலை முடிந்ததும் தூக்கிக்கொண்டு வருவார். பொழிச்சலூரில் எங்கள் தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும். பெருவெள்ளத்தில் மிதந்துபோன நாற்காலிகளில் இரண்டு பெயரால் திரும்பி வந்தன. அதன்பின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

படப்பை சாலையில் ஒரு பாலிடெக்னிக்கில் அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். நான் தாம்பரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். அந்த பாலிடெக்னிக்கின் வேலை எங்களிடம் வந்தது. ஸ்டோர்ஸ், விடுப்பு, சம்பளச் சீட்டு என்று தனித்தனியாக இருந்த லாகின்களை ஒன்றாக்க வேண்டும். ஒருமுறை உள்ளே வந்தால் எல்லாம் திறக்கும். வருபவர் யார் என்பதை ஊழியர் அட்டவணையில் பார்த்து உறுதிசெய்யும். அந்தத் தேடலுக்கான நிரலை எழுதியது நான். புதிய பாஸ்வேர்டு கொடுத்தால் மறந்துவிடுவார்கள் என்பதால், அவரவர் பழைய ஸ்டோர்ஸ் பாஸ்வேர்டையே கொண்டுவந்தோம்.

அது ஓடத் தொடங்கிய சில மாதங்களில் அப்பா இறந்தார். கணையத்தில் புற்றுநோய். எங்களுக்குத் தெரிந்தபோதே மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியதும் பாலிடெக்னிக்கில் ஒரு கூட்டம். யார் யார் லாகின் செய்கிறார்கள் என்ற பதிவைத் திரையில் போட்டேன். முதல் வரியில் அப்பா பெயர். அன்று காலை உள்ளே வந்திருந்தார்.

"அட, அசரியா இன்னிக்கும் கரெக்டா டியூட்டிக்கு வந்துட்டாரே!" என்றார் அலுவலக மேலாளர் டெனிஸ் சார்.

யாரோ சிரித்தார்கள். நான் யார் மகள் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு இருமலானது.

"பாஸ்வேர்ட கண்டவங்களுக்குக் குடுத்துருக்காரும்மா. யாரு, எதுக்குன்னு ரிப்போர்ட் எழுதிக் குடு. உங்க அப்பான்னு விட முடியாது. அந்த ஆளுங்கள வேலைய விட்டு நிறுத்தியாகணும்."

முகம் எரிந்தது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இதே ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். ஏணியைத் தராதவர் இதைத் தந்திருக்கிறார்.

லாகின் வந்த கணினி எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் இருந்தது. அதன் முன் ஒரு பெண். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஹெப்சி அக்காதானே? அடக்கத்துல பாத்தேன். நான் ஜீவிதா."

"இது யார் லாகின்?"

"சாரோடதுக்கா."

"உன்னுது?"

"எங்களுக்கு ஏதுக்கா? லேப்ல இருக்கறவங்க எல்லாம் கான்ட்ராக்ட்டு. எங்க பேரே ஸ்டாஃப் லிஸ்ட்டுல கெடையாது. ஆனா ஸ்டோர்ஸ்ல சாமான் எடுக்கணும்னா லாகின் கேக்குது. ஆபீஸ்ல கேட்டா 'அப்புறம் வாங்க'ங்கறாங்க. பசங்க வெறுங்கையோட நிப்பாங்க. சார்தான், 'என்னுதுல போடு. ஸ்பெல்லிங் தப்பு மட்டும் பண்ணாத'ன்னு குடுத்தாரு. பாஸ்வேர்டு இன்னா தெரியுமாக்கா..."

"சொல்லாத."

பாஸ்வேர்டுகளை யாரும் திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றி வைத்தவள் நான். அப்பாவுடையதை அவள் வாயால் கேட்கத் தைரியம் இல்லை.

"அவர் போன பிறகாவது நிறுத்தியிருக்கலாமே?"

"பிராக்டிகல் எக்ஸாம் நடக்குதுக்கா. வேற யாரு பேருல எடுக்கறது?"

கொஞ்ச நேரம் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. முன்ன அந்த பாஸ்வேர்டுல ஸ்டோர்ஸ் மட்டும்தான் வரும். உங்க சிஸ்டம் வந்தப்புறம் எல்லாம் தொறக்குது. நாங்க நோண்டலக்கா. லீவு விவரம் முதல் பக்கத்துலயே நிக்குது. பொங்கல் முடிஞ்சு ஒருநாள், 'பயாப்ஸி முடிவு வாங்க'ன்னு சார் லீவு போட்டிருந்தாரு. அப்புறம் ஸ்கேனுக்குன்னு."

ஒரகடத்தில் ஸ்டோர்ஸ் சாமான் பார்க்கப் போவதாக அவர் வீட்டில் சொல்லிப் போன நாட்கள் அவை.

"பாஸ்வேர்ட மாத்திடுங்க சார், எல்லாம் தெரியுதுன்னு நான்தான் சொன்னேன். 'மாத்திட்டா நீங்க எப்படிச் சாமான் எடுப்பீங்க? பாத்தது பாத்ததா இருக்கட்டும், வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாரு." என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதாக்கா?"

தெரியாது. அந்த முதல் பக்கத்தை வடிவமைத்தது நான். சரியாக வருகிறதா என்று வேறு ஊழியர்களின் எண்களைப் போட்டு எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறேன். அப்பாவின் எண்ணைப் போட்டதில்லை. கூட்டத்தில் முகம் எரிந்தது அவரால். இங்கே தலை குனிந்தது என்னால்.

ஒப்பந்த ஊழியர்களின் பட்டியல் அவர்களை அனுப்பும் ஏஜென்சியிடம் இருந்தது. அதை வாங்கித் தனி அட்டவணையாக ஏற்றினேன். முதல் அட்டவணையில் ஆள் இல்லையென்றால் இரண்டாவதில் தேடும்படி மாற்றினேன். அரை நாள் வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

ரிப்போர்ட்டில் அப்பா பாஸ்வேர்டைக் கொடுத்தார் என்று எழுதினேன். காரணம்: உள்ளே வர வழி வைக்காமலே நாம் இவர்களிடம் வேலை வாங்கினோம்.

"நாம்னா யாரும்மா?" என்றார் டெனிஸ் சார்.

"நானும்தான் சார். எல்லாரும் இந்த அட்டவணைல இருக்காங்களான்னு நான் கேக்கல. இவங்கள நிறுத்தறதா இருந்தா என்னையும் எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எக்ஸாம் முடியட்டும், பாக்கலாம்" என்றார். எக்ஸாம் முடிந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புதிய லாகினை ஜீவிதாவிடம் கொடுத்தேன். அவள் பாஸ்வேர்டு போடும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரையின் மூலையில் அவள் பெயர் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விடுப்புப் பக்கத்தைத் திறந்தாள். காலியாக இருந்தது.

"நான் இதுல ஏதாவது எழுதினா, வேற யாரும் பாக்க மாட்டாங்கல்லக்கா?"

"மாட்டாங்க" என்றேன்.

அவள் எதிரிலேயே உட்கார்ந்து, ஊழியர் அட்டவணையைத் திறந்து, அப்பாவின் வரியில் 'பணியில் இருப்பவர்' என்றிருந்ததை மாற்றினேன்.